பி.ஜி. சேர்வதா, வேலைக்குப் போவதா? கடைசி ஆண்டு மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் கடைசி ஆண்டு படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்துவதோடு, கடைசி ஆண்டுப் பிள்ளைகளின் மேற்படிப்பு விண்ணப்பங்களையும் வேலை விண்ணப்பங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. வருடா வருடம் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "எந்தக் காலேஜில் எம்.எஸ்சி. சீட் கிடைக்கும்?" என்று ஆரம்பித்து, சேர்ந்து, இரண்டு வருடம் முடித்து, அதற்குப் பிறகுதான் "இதற்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. கடைசி ஆண்டு தொடங்கும்போதே இவை கையில் இருக்கட்டும்

முதலில் அரியர். எத்தனை பேப்பர் பாக்கி, எந்தத் தேர்வில் எழுதி முடிப்பீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு அரியர் நின்றாலும் புரொவிஷனல் சான்றிதழ் வராது. பி.ஜி. சீட்டும் போகும், ஆஃபர் லெட்டரும் போகும். நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டிப் படிப்பதற்கு முன் அரியரை முடிப்பதுதான் லாபம்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். உதவித்தொகைப் பணம் வராமல் நிற்பதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இருப்பதுபோலவே மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தாயிற்றா என்றும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். மாநிலச் சேர்க்கைக்கு உங்களிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதும். ஆனால் கேட் (எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு), ஜாம் (ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு), சியூஇடி (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு) போன்ற மத்திய அளவிலான நுழைவுத் தேர்வுகளுக்கு ஓ.பி.சி. என்.சி.எல். (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதுவும் அவர்கள் கேட்கும் நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய சான்றிதழை ஏற்றிவிட்டுக் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வருமானச் சான்றிதழையும் அதே நேரத்தில் வாங்கிவிடுங்கள்.

2. வேலையை முதலில் எழுதுங்கள், படிப்பு அதற்குப் பிறகு

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் செய்யத் தயாராக இருக்கும் வேலைகளில் ஐந்தை எழுதுங்கள். "நல்ல வேலை", "கவர்ன்மென்ட் வேலை" என்று எழுதினால் பயனில்லை. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர், மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு, வங்கியில் பி.ஓ. (அதிகாரி), கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) என்று பதவியாகவே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான அறிவிப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். அரசு வேலை என்றால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்), டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் கடைசியாக வந்த அறிவிக்கையின் பி.டி.எஃப். தனியார் என்றால் இப்போது வந்திருக்கும் ஆள்தேவை விளம்பரம். அதில் கல்வித் தகுதி, வயது, அனுபவம் மூன்றையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னது, மாமா சொன்னது எதையும் இந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பி.எஸ்சி. வேதியியல் படித்த ஒரு மாணவியோடு உட்கார்ந்து இதைச் செய்தபோது நோட்டில் வந்ததைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. சேர்ந்தே ஆக வேண்டும் என்றுதான் அந்தப் பெண் வந்தாள். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு அவள் எடுத்து வந்த விளம்பரங்களில் "பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி." என்று இருந்தது. கூடவே எச்.பி.எல்.சி. (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும்) கருவியில் பழக்கம் வேண்டும் என்றும் இருந்தது. அவளுடைய கல்லூரியில் அந்தக் கருவி இல்லை. சேர நினைத்த கல்லூரியிலும் இல்லை. அந்த வேலைக்கு அவளிடம் இல்லாதது கருவிப் பயிற்சிதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதே நோட்டில் அடுத்த வரி, முதுகலை ஆசிரியர். அதற்கு எம்.எஸ்சி.யும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். பி.எஸ்சி. முடித்த பிறகு எம்.எஸ்சி.க்கு இரண்டு வருடம், பி.எட்.டுக்கு இரண்டு வருடம், அதன் பிறகு போட்டித் தேர்வு. ஒரே பாடம் படித்தவருக்கு இரண்டு வேலை, இரண்டு வெவ்வேறு பாதை. இது காகிதத்தில் எழுதும் வரை கண்ணில் படாது.

ஆசிரியர் வேலையை நினைப்பவர்கள் இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ, அரசு இணையானது என்று ஏற்ற பாடத்திலோ இருக்க வேண்டும். புதுப் பெயர்களில் வரும் எம்.எஸ்சி. படிப்புகளில் சேருமுன், அந்தப் படிப்புக்கு இணைச் சான்று அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். படித்து முடித்த பிறகு அரசாணை தேடி அலைவது மிகுந்த வேதனை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20% ஒதுக்கீட்டையும் மனதில் வையுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல், அந்தப் பதவிக்குக் கேட்கும் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்பது 2020-இல் வந்த திருத்தம். முதுநிலைத் தகுதி கேட்கும் பதவிக்கு முதுநிலையை ஆங்கிலவழியில் படித்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது.

3. ஐந்து வேலைகளையும் மூன்றாகப் பிரியுங்கள்

பி.ஜி. இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாதவை முதல் வகை. கல்லூரி உதவிப் பேராசிரியர், முதுகலை ஆசிரியர், ஆராய்ச்சி ஆகியவை இதில் வரும். உதவிப் பேராசிரியருக்கு முதுநிலையில் 55% (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50%), அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி அல்லது பிஎச்.டி. என்பது அடிப்படைத் தகுதி. அதனால் இந்த வழியில் போகிறவர் முதுநிலை மதிப்பெண்ணை ஏனோதானோ என்று விடக்கூடாது.

பி.ஜி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பவை இரண்டாம் வகை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2, வங்கி பி.ஓ., எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். (மத்திய அரசுப் பணித் தேர்வு) ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.ஏ. படித்ததற்காக அங்கே ஒரு மார்க்கும் கூடுதலாகக் கிடைக்காது. வங்கித் தேர்வில் வயது வரம்பும் நெருங்கும்: பி.ஓ.வுக்குப் பொதுப் பிரிவில் 30, கிளர்க்குக்கு 28. "எம்.காம். சேர்ந்துகொண்டே பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்" என்பவர்கள், வருகைப் பதிவு, இன்டர்னல், புராஜெக்ட் என்று இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். பட்டமும் வேண்டும் என்று தோன்றினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ வழியாகப் படியுங்கள். முழு நேரத்தையும் தேர்வுக்குக் கொடுக்க முடியும்.

நடுவில் இருப்பது மூன்றாம் வகை. இதில் பி.ஜி. உதவும், ஆனால் எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்து. எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.இ., தரவு சார்ந்த படிப்புகள் எல்லாம் இந்த வகை. இங்கே பட்டத்தின் பெயரைவிட அந்தக் கல்லூரிக்கு எந்தக் கம்பெனி வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஐந்தில் மூன்று முதல் வகையில் விழுந்தால் பி.ஜி.க்குத் தயாராகுங்கள். இரண்டாம் வகையில் விழுந்தால் பி.ஜி.யை ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் வகை என்றால் அடுத்த படி சொல்லும் பதில்தான் உங்கள் பதில்.

4. பணக் கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

பலர் டியூஷன் ஃபீஸை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். விட்டுப்போகும் செலவு இரண்டு: ஹாஸ்டல், சாப்பாடு, பயணம் ஒன்று, அந்த இரண்டு வருடம் சம்பாதிக்காமல் போகும் சம்பளம் மற்றொன்று. மாதம் 18,000 ரூபாய் வேலை கிடைக்கக்கூடியவருக்கு இரண்டு வருடத்தில் போவது 4,32,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் ஃபீஸ் சில ஆயிரங்கள்தான் என்றாலும் இந்தத் தொகை போகத்தான் செய்யும்.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் கடுமை. வருடம் 3 லட்சம் வீதம் 6 லட்சம் கடன், 10% வட்டி என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதன் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 3 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90,000, இரண்டாவது 3 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 60,000. தவணை தொடங்கும் நாளில் பாக்கி 7.5 லட்சம். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 12,450 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் கல்லூரியில் போன வருடம் படித்து முடித்தவர்கள் வாங்கும் சம்பளத்தில் இந்தத் தொகை போக மீதியில் சென்னையிலோ கோவையிலோ வாடகை கொடுத்து வாழ முடியுமா? முடியாது என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

"போன வருட பேட்ச்" என்றதும் பிராஸ்பெக்டஸில் இருக்கும் உச்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அங்கே படித்து முடித்த மூன்று பேரையாவது லிங்க்டுஇன் வழியாகவோ சீனியர் வழியாகவோ பிடித்து, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள்.

படிக்கும்போதே பணம் வரும் வழிகளையும் இதே தாளில் எழுதுங்கள். கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்ற கல்லூரியில் எம்.இ., எம்.டெக். முழு நேரமாகச் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய். யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின், முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்குப் பத்து மாதம். இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். வித்யாலக்ஷ்மி என்ற அரசுக் கல்விக்கடன் தளத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வட்டிச் சலுகைக்கு உங்கள் கல்லூரியும் குடும்ப வருமானமும் பொருந்துகிறதா என்று சேருவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், பட்டியலில் இல்லாத கல்லூரியில் சேர்ந்துவிட்டது அப்போதுதான் தெரியவரும்.

5. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள்

"ரிசல்ட் வந்த பிறகு முடிவு பண்ணிக்கலாம்" என்பவர்களுக்கு ஜூன் மாதத்தில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கட்டணம் கூடுதலான இடங்கள்தான். காரணம், நல்ல இடங்களின் கதவு அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடும்.

கேட், ஜாம் இரண்டுக்கும் விண்ணப்பம் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள், தேர்வு பிப்ரவரியில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஜாம் அந்த வருடத்துக்கு மட்டும். மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும் கேட் எழுதலாம். பொறியியல் மாணவர்கள் ஒரு வருடம் முன்பே எழுதிப் பார்ப்பது நல்லது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு சியூஇடி பி.ஜி.; விண்ணப்பம் குளிர்காலத்தில், தேர்வு மார்ச் பக்கம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு டான்செட், எம்.இ.க்கு சீட்டா, இவையும் வருடத் தொடக்கத்தில். அரசுக் கலைக் கல்லூரிகளின் முதுநிலைச் சேர்க்கை மட்டும்தான் இளநிலை முடிவுகளை ஒட்டி வரும். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும். அதனால் ஜூலையிலேயே எல்லாத் தளங்களையும் திறந்து காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவும் ஆகஸ்டில்தான் தொடங்கும். "நான் பி.ஜி. போகப் போகிறேன்" என்று பிளேஸ்மென்டுக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு. கையில் ஒரு ஆஃபர் இருந்தால் ஜாம் ரேங்க் சரியாக வராத வருடத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் போய் விழ வேண்டிய கட்டாயம் இருக்காது.

6. ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது மாதம் 22,000 முதல் 25,000 ரூபாய்க்குள் இருக்கலாம். பி.எஃப்., இன்சூரன்ஸ், வருட போனஸ் எல்லாம் அந்த மூன்றரை லட்சத்துக்குள்தான். சேரும் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத ஆஃபரை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தக்கூடாது. ஐடி துறையில் ஆஃபர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில், சில பேட்சுகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல், சேரும் தேதி தள்ளிப்போனது 2022-க்குப் பிறகு எல்லோரும் பார்த்ததுதான்.

பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். அசல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்துவைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். வேலைக்கு "டெபாசிட்", "ட்ரெய்னிங் ஃபீஸ்" என்று முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

7. வீட்டில் பேசும் முறை

வீட்டில் மனதை வைத்துப் பேசுவதைவிடத் தாளை வைத்துப் பேசுவது எளிது. அதனால்தான் நாலாம் படிக்குப் பிறகு இதை வைத்திருக்கிறேன். "அப்பா, நான் எம்.எஸ்சி. படிக்கட்டுமா?" என்று கேட்டால் பதில் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. "அப்பா, இந்த வேலைக்கு இந்தத் தகுதி, இவ்வளவு செலவு, இந்த வருடத்தில் சம்பளம் வரத் தொடங்கும்" என்று தாளை நீட்டினால் பேச்சு அந்தத் தாளைப் பற்றியே நடக்கும். தம்பி, தங்கை ஃபீஸ், வீட்டுக் கடன் எந்த வருடத்தில் வருகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பெண் பிள்ளைகளில் சிலருக்கு பி.ஜி. என்பது கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் வழி. அது நியாயமான காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சேரும்போது மூன்றாம் படியின் முதல் வகையில் வரும் படிப்பாகப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பேச்சு திரும்ப வரும். அன்று கையில் நெட் தேர்ச்சியோ வேலையோ இருந்தால் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும். வெளியூர் கல்லூரிக்கு வீட்டில் தயங்கினால் ஹாஸ்டல் கட்டணம், வார்டன் எண், ரயில் நேரம் வரை முன்கூட்டியே சேகரித்துக் கொடுங்கள். பல வீடுகளில் தயக்கம் தூரத்தைப் பற்றியது, படிப்பைப் பற்றியது இல்லை.

"பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் இவ்வளவு வாங்குகிறான்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். வாதாடாதீர்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் மட்டும் தனியாக இருக்க வேண்டாம். நம்பும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

8. பிஎச்.டி.யைத் தனியாக முடிவு செய்யுங்கள்

எம்.எஸ்சி. முடித்து வேலை அமையாமல், அப்படியே பிஎச்.டி.க்கு நகர்பவர்கள் அதிகம். ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவருக்கான அரசு உதவித்தொகை) இருந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அது ஒரு வேலைக்குச் சமம். ஜே.ஆர்.எஃப். இல்லாமல், உதவித்தொகை இல்லாத இடத்தில் சேருவது வேறு கணக்கு. யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருடம், ஆறு வருடம் வரை போகலாம். சேருமுன், அந்த வழிகாட்டியிடம் இதுவரை முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவருடைய மாணவர்களிடமே கேளுங்கள். அவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் வேறு வழிகாட்டியைப் பாருங்கள்.

வெளிநாட்டு எம்.எஸ். பற்றி ஒன்று மட்டும். அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே வாங்கும் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்று நாலாம் படியின் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் கன்சல்டன்சியிடம் போங்கள்.

9. எதுவும் அமையாத வருடத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும்

ரேங்க் வரவில்லை, ஆஃபரும் இல்லை என்றால் ஒரு வருடம் எடுத்துக்கொள்வதில் வெட்கமே இல்லை. ஆனால் முடிவுத் தேதி இல்லாத இடைவெளி ஆளைத் தின்றுவிடும். எந்தத் தேர்வு, எத்தனை முறை, எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று முதல் நாளே எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வருடத்தில் பகுதி நேர வேலையோ, டியூஷனோ, நாட்ஸ் என்ற அரசுப் பயிற்சித் தளம் வழியாக ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சியோ ஏதாவது ஒன்று ஓடட்டும். அடுத்த இன்டர்வியூவில் "இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள், அதற்குச் சொல்ல ஒன்று இருக்க வேண்டும்.

10. சேர்ந்த பிறகு ஆஃபர் வந்தால்

ஜூலையில் பி.ஜி. சேர்ந்து, ஆகஸ்டில் வேலைக்கான கடிதம் வருவது சகஜம். "கட்டின ஃபீஸ் போய்விடுமே" என்று பலர் நல்ல வேலையை விட்டுவிடுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். சிறு தொகை மட்டும் நிர்வாகச் செலவாகப் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் விலகினால் 90%. கடைசித் தேதி கழிந்து 15 நாளுக்குள் 80%, 30 நாளுக்குள் 50%. அதற்கு மேல் கிடையாது. சில வருடங்களில் இதைவிட மாணவருக்குச் சாதகமான தேதிகளை யு.ஜி.சி. தனியாக அறிவித்திருக்கிறது. அந்த வருடத்து அறிவிப்பை எடுத்துப் பாருங்கள்.

விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாயால் சொன்ன தேதி கணக்கில் வராது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. "ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டி.சி. தருவோம்" என்று சொன்னால் அந்த அறிவிப்பின் அச்சுப் பிரதியோடு முதல்வரைப் பாருங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில், முத்திரை போட்ட அந்த நகலை இணைத்துப் புகார் பதியுங்கள்.